கியூ வீதியிலிருந்து மரபணு வரை
இலங்கைத் தாவரவியலின் கதை – 14

கொழும்பு கொம்பனித்தெருவில் கியூ வீதி என்றொரு வீதி இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கம் போய்வருகிறவர்கள் பலமுறை அதைக் கடந்திருப்பார்கள். பிரித்தானியர் இங்கே காலூன்றிய தொடக்க ஆண்டுகளில் அமைத்த தாவரவியல் தோட்டம் ஒன்று அந்தப் பகுதியில் இருந்தது. இலண்டன் கியூ தோட்டத்தின் பெயரையே அதற்கும் இட்டார்கள். சீனாவின் கன்டன் நகரில் செடிகள் திரட்டிக்கொண்டிருந்த வில்லியம் கெர் 1812இல் அதன் பொறுப்பாளரானார். இரண்டே ஆண்டில், 1814இல், இறந்துபோனார். தோட்டம் களுத்துறைக்கு மாறியது. அங்கிருந்து 1821இல், அலெக்சாண்டர் மூனின் பொறுப்பில், பேராதனைக்குப் போய் நிலைத்தது. மூன் தொகுத்த இலங்கைத் தாவரப் பட்டியல் 1824இல் கொழும்பு வெஸ்லியன் மிஷன் அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்தவை பெரும்பாலும் காசு தந்த செடிகள்: கறுவா, கோப்பி, சின்கோனா, தேயிலை. அவற்றின் கதையில் ஆளுநர்கள் வருகிறார்கள், கப்பல்கள் வருகின்றன, தோட்டத் தொழிலாளரின் துயரம் வருகிறது. இந்த அத்தியாயத்தின் செடிக்கு அப்படி எதுவும் இல்லை. அதை யாரும் பயிரிட்டதில்லை, விற்றதில்லை. ஆனால் நிலத்தில் தாவரங்கள் எப்படித் தோன்றின என்ற கேள்வியைப் பேசப் புகுந்தவர் எவரும் அதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. அதுதான் ஈரல்பாசி.

மழைக்காலத்தில் கொட்டாஞ்சேனையின் பழைய மதில்களில் பச்சையாகப் படர்வதையெல்லாம் நாம் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். அந்தப் பச்சைக்குள் பல குலங்கள் உண்டு. ஈரல்பாசிகளில் ஒரு பகுதி தட்டையாக, தண்டு இலை என்ற பிரிவில்லாமல் தரையோடு ஒட்டிக் கிடக்கும். மிகப் பெரும்பான்மையானவை இலையுள்ளவை. நூலைவிட மெல்லிய தண்டில் இரண்டு வரிசை இலைகள். பல இனங்களில் தண்டின் அடிப்பக்கத்தில் சிறிய இலைகளாக மூன்றாவது வரிசை. இலையின் தடிப்பு ஒரே ஒரு கலம். நடுநரம்பு கிடையாது. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையை வைத்துப் பார்த்தால், கூரை ஓடுகள்போல இலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பது தெரியும். மேற்பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஓர் இலையின் முன்விளிம்பு அடுத்த இலையை மூடுகிறதா, அதன் கீழே நுழைந்துவிடுகிறதா என்பதுதான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் இவற்றைப் பிரித்தறியப் பயன்படுத்திய முதல் அடையாளங்களில் ஒன்று.

வேறோர் அடையாளமும் உண்டு. உயிருள்ள இலையை ஒரு துளி நீரில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலங்களுக்குள் பளபளக்கும் எண்ணெய்த் துகள்கள் தெரியும். சிலவற்றில் கலத்துக்கு ஒன்று, பெரிதாக, பழுப்பாக. சிலவற்றில் பல, நிறமற்ற சிறு மணிகளாக. மென்சவ்வு சூழ்ந்த இந்த எண்ணெய் உடலங்கள் தாவர உலகில் ஈரல்பாசிகளுக்கே உரியவை. ஆனால் செடி காய்ந்தால் பெரும்பாலும் அவை கலைந்து மறைந்துவிடும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் நடந்த குழப்பங்களில் பாதிக்குக் காரணம் இதுவே.

இலங்கையின் செடிகள் ஐரோப்பிய அறிவியலுக்குள் நுழைந்த வழியை இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672இல் கொழும்புக்கு வந்த பவுல் ஹெர்மன் திரட்டிய உலர்செடிகளை வைத்து லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை எழுதினார். பூக்கும் செடிகளுக்கு அவர் கொடுத்த கவனம் பாசிகளுக்குக் கிடைக்கவில்லை. 1753இல் வெளியான பெருநூலில் ஈரல்பாசிகளைக் கடற்பாசிகளோடும் இலைக்கன்களோடும் சேர்த்து ஒரே பிரிவில் வைத்தார். அவர் அறிந்த இலையுள்ள ஈரல்பாசிகள் ஏறத்தாழ அத்தனையும் யுங்கர்மானியா என்ற ஒரே பேரினத்தில் அடைபட்டன. அந்த ஒரு பேரினத்தை உடைத்துப் பிரிப்பதே அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த வேலை.

இலங்கையிலிருந்து அந்த வேலைக்குச் செடிகளை அனுப்பியவர்களில் முக்கியமானவர் ஜோர்ஜ் துவெயிற்ஸ். 1849இல் பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்று முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தவர். அவர் காலத்தில் மத்திய மலைநாட்டிலிருந்து திரட்டிய பாசிகள் காகிதப் பொட்டலங்களில் கப்பலேறின. அவற்றைப் பிரித்துப் பார்த்தவர் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், ஹர்ஸ்ட்பியர்பொயின்ற் என்ற சிற்றூரில் மருந்துக்கடை நடத்திவந்த வில்லியம் மிற்றன். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத மனிதர். பரிணாமக் கோட்பாட்டை டார்வினோடு சேர்ந்து முன்வைத்த ஆல்பிரட் ரசல் வாலஸ் இவருடைய மகளைத்தான் மணந்தார். 1861இல் மிற்றன் கிழக்கிந்தியப் பகுதிகளின் ஈரல்பாசிகள் பற்றி வெளியிட்ட கட்டுரையில் இலங்கை இனங்களும் இடம்பெற்றன. அவர் இறந்தபின் அவருடைய உலர்தாவரத் தொகுப்பு 1906இல் நியூயோர்க் தாவரவியல் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மிற்றன் பார்த்த இலங்கைப் பொட்டலங்களைத் தேடுகிறவர் இன்று அமெரிக்காவுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

மிற்றன் நிதானமானவர். அவருக்குப் பின் வந்த ஜேர்மானியரான பிரான்ஸ் ஸ்ரெபானி அப்படியல்லர். லைப்சிக் நகரில் இருந்துகொண்டு, உலகின் நான்கு திசைகளிலிருந்தும் வந்து குவிந்த மாதிரிகளை ஆராய்ந்து, 1898 தொடங்கி 1925 வரை ஆறு தொகுதிகளாக உலக ஈரல்பாசிகளின் பெருநூலை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான புதிய இனங்களுக்குப் பெயர் சூட்டினார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஒருவர் ஆயுளில் செய்யக்கூடிய வேலை அல்ல அது. ஆனால் ஒரே ஒரு காய்ந்த துண்டை வைத்து ஒரு புதிய இனம், வேறொரு நாட்டிலிருந்து வந்ததாலேயே இன்னொரு புதிய இனம் என்று அவர் போன வேகம் பின்வந்த தலைமுறைகளுக்குப் பெருஞ்சுமையானது. அவர் கைக்கு வந்தவை காய்ந்த செடிகள். எண்ணெய் உடலங்கள் அவர் கண்ணில் படவே வாய்ப்பில்லை. நம் மலைகளில் எங்கும் காணக்கூடிய பிளேஜியோகைலா என்ற பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதும் அந்தப் பேரினத்துக்குள் சூட்டப்பட்ட இனப்பெயர்கள் 1,600க்கும் மேல். உண்மையில் இருக்கும் இனங்கள் அதில் ஒரு பகுதிதான். இலையின் விளிம்புப் பற்கள் நிழலில் ஒரு விதமாகவும் வெயிலில் ஒரு விதமாகவும் வளரும் என்பதைக் காட்டுக்குள் நின்று பார்த்தவர் அறிவார்.

இந்தக் குவியலை இலங்கைக்கு மட்டுமாவது ஒழுங்குபடுத்தும் முயற்சி கொழும்பிலிருந்தே நடந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் பீ. ஏ. அபேவிக்கிரம 1959இல் இலங்கை ஈரல்பாசிகளின் பேரினங்கள் பற்றிய ஆய்வை வெளியிட்டார். 1978இல் ஜான்சன் என்பவருடன் சேர்ந்து இனங்களின் பட்டியலையும் தந்தார். தீவின் பாசிகளைத் தீவிலேயே இருந்து எழுதிய முக்கியமான பணி அது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே ஈரல்பாசி பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கினார்கள்.

இனி மரபணுவின் கதை. டி.என்.ஏ.யின் வடிவம் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே ஈரல்பாசிகள் மரபியல் ஆய்வுகூடத்துக்குள் வந்துவிட்டன. அமெரிக்கரான சார்ல்ஸ் அலென் 1917இல் ஸ்பெரோகார்ப்போஸ் என்ற ஈரல்பாசியில் ஆண் செடிக்கும் பெண் செடிக்கும் நிறமூர்த்தம் வேறுபடுவதைக் காட்டினார். தாவரங்களில் பால் நிறமூர்த்தம் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. 1928இல் ஜேர்மனியில் எமில் ஹைற்ஸ், நிறமூர்த்தத்தின் சில பகுதிகள் எப்போதும் அடர்ந்தே கிடக்கின்றன என்பதைப் பெல்லியா என்ற ஈரல்பாசியில்தான் பார்த்தார். இவற்றின் பச்சைச் செடியில் நிறமூர்த்தங்கள் ஒற்றைத் தொகுதியாகவே இருக்கும். நமக்கிருப்பதுபோல் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரட்டை இல்லை. ஆகவே படிப்பது எளிது. இலையுள்ள ஈரல்பாசிகள் பலவற்றில் அந்த எண்ணிக்கை ஒன்பது. எண்ணிக்கை இப்படி ஒன்றாகவே இருப்பதால் உறவுகளைப் பிரித்தறிய அது பெரிதாக உதவவில்லை. பின்னர் போலந்தின் பொஸ்னான் நகரில் நொதியங்களின் மாற்றுருவங்களை ஒப்பிட்டு, வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரிந்த செடிகளுக்குள் வேறு வேறு இனங்கள் மறைந்திருப்பதைக் கண்டார்கள்.

பெரிய திருப்பம் 1986இல். ஜப்பானின் கியோட்டோவில் ஓயாமாவின் குழு மார்க்கான்சியா என்ற ஈரல்பாசியின் பச்சையவுருமணியில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும், 1,21,024 மூலச்சோடிகளையும், வரிசைப்படி வாசித்து வெளியிட்டது. அதே ஆண்டில் புகையிலையின் பச்சையவுருமணியும் வாசிக்கப்பட்டது. எந்தத் தாவரத்திலும் அதற்கு முன் இப்படி முழுமையாக வாசித்ததில்லை. நெல்லும் கோதுமையும் காத்திருக்க, ஒரு பாசிக்கு அந்த இடம் கிடைத்தது.

இலையுள்ள ஈரல்பாசியில் மரபணுவை வாசிப்பது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடினம் முழுக்கத் தொடக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பட்டையிலிருந்து எடுக்கும் விரல்நுனி அளவு பச்சைத் திட்டில் இரண்டு மூன்று இனங்கள் பின்னிக்கிடக்கும். பெரிய ஈரல்பாசியின் இலைமேல் அதைவிடச் சிறிய ஈரல்பாசி ஏறி வளரும். இடையிடையே நீலப்பச்சை அல்கா, பங்கசு இழை. எனவே நுணுக்குக்காட்டியின் கீழே, ஊசிமுனையாலும் மெல்லிய இடுக்கியாலும் ஒரே இனத்தின் சில தண்டுகளை மட்டும் பிரித்தெடுத்துக் கழுவ வேண்டும். கை பிசகினால், பிறகு எத்தனை விலையுயர்ந்த இயந்திரம் இருந்தும் வாசிப்பது வேறொரு செடியை. பிரித்ததைச் சிலிக்கா ஜெல் மணிகளோடு போட்டு விரைவாக உலர்த்துவார்கள். மெதுவாகக் காய்ந்தால் டி.என்.ஏ. சிதையும். பின்னர் அரைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்து, தேவையான மரபணுத் துண்டை மட்டும் பெருக்குவார்கள். அதிகம் பயன்பட்டது பச்சையவுருமணியில் உள்ள ஆர்.பி.சி.எல். என்ற மரபணு. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து உணவாக்கும் நொதியத்தின் பெரும்பகுதியை ஆக்குவது அது. பச்சைத் தாவரம் எல்லாவற்றிலும் இருப்பதால் ஒப்பிட வசதி. வெவ்வேறு செடிகளின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்நிறுத்தி, எங்கெங்கே வேறுபாடு என்று கணக்கிட்டு, யாரும் யாரும் ஒரு மூதாதையின் பிள்ளைகள் என்று கிளைமரம் வரைவார்கள். ஒரு மரபணுவின் சாட்சி போதாது. பச்சையவுருமணியிலிருந்து வேறு சில, இழைமணியிலிருந்து ஒன்று, கருவிலிருந்து ஒன்று என்று பலவற்றையும் கேட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

2004 முதல் 2006 வரை அமெரிக்காவிலும் பின்லாந்திலும் ஜேர்மனியிலும் இருந்து இப்படிப்பட்ட கிளைமரங்கள் அடுத்தடுத்து வந்தன. இலையுள்ள ஈரல்பாசிகள் இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிந்தன. ஒன்று பொரெல்லா வழி: பெரும்பாலும் மரப்பட்டையிலும் இலைமேலும் வாழ்பவை, இலையின் கீழ்ப்பகுதி மடிந்து நீர் தங்கும் சிறு பையாக இருப்பது இவற்றில் வழக்கம். லெஜூனியா, புருலானியா குடும்பங்கள் இதில் அடங்கும். மற்றது யுங்கர்மானியா வழி: மண்ணிலும் பாறையிலும் உக்கிய மரத்திலும் வாழ்பவை மிகுதி. வெள்ளவத்தையில் ஒரு தென்னையின் அடிமரத்தில் ஈரல்பாசி கண்டால் அது பெரும்பாலும் முதல் வழியினதாக இருக்கும். நுவரெலியாவில் மண்வெட்டுக் கரையில் படர்ந்தால் இரண்டாவதை எதிர்பார்க்கலாம். இவ்வளவு தெளிவான ஒரு பிளவை இருநூறு ஆண்டுகள் யாரும் இந்த எல்லையில் கண்டதில்லை.

எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது புளூரோசியா. பெரும்பாலும் வெப்பமண்டல மலைக்காடுகளில் வளரும், ஈரல்பாசிகளுக்குள் பருமனான, செம்பழுப்பு நிறம் ஏறிய அழகான செடி. இலைகள் தெளிவாக உண்டு. இலையின் ஒரு மடல் பையாகி, அதன் வாயில் உள்ளே மட்டும் திறக்கும் கதவும் உண்டு. அந்தப் பையில் நீர்வாழ் நுண்ணுயிர்கள் புகுந்து அகப்படுவதை 2005இல் ஜேர்மானிய ஆய்வாளர் எழுதினார்கள். இத்தனை விரிவான இலையமைப்பு உள்ள ஒன்றை இலையுள்ள கூட்டத்தில் சேர்க்காமல் வேறெங்கே சேர்ப்பது? மரபணுக்களோ வேறு சொல்லின. அதன் நெருங்கிய உறவு, இலையே இல்லாமல் நாடாபோல் தட்டையாகப் படரும் மெற்ஸ்கேரியா கூட்டம்.

இதில் ஒரு விவரத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அமெரிக்க ஆய்வாளர் பார்பரா கிராண்டல் ஸ்ரொட்லர் 1976இலேயே புளூரோசியாவின் வளர்நுனியை ஆராய்ந்திருந்தார். இலையுள்ள மற்ற ஈரல்பாசிகளின் நுனிக்கலம் மூன்று பக்கமாகப் பிரிந்து வளரும். புளூரோசியாவின் நுனிக்கலம் இரண்டு பக்கமாகவே பிரிகிறது. மெற்ஸ்கேரியாவிலும் அப்படியே. உண்மை அந்த ஒற்றைக் கலத்தில் எழுதியிருந்தது. கண்ணும் அதைப் பார்த்திருந்தது. ஆனால் இலை, பை, கதவு என்று எதிர்ப்பக்கம் குவிந்திருந்த சாட்சிகளுக்கு எதிராக அந்த ஒன்றை நிறுத்தும் துணிவை மரபணுதான் கொடுத்தது. மரபணு வந்ததும் நுணுக்குக்காட்டி தேவையற்றுப் போய்விட்டது என்று சொல்பவர்கள் இந்தச் செடியின் கதையைப் படிக்க வேண்டும். எந்த அடையாளம் உறவைக் காட்டுகிறது, எது வாழும் இடத்துக்கேற்ப மீண்டும் மீண்டும் தோன்றுகிறது என்று பிரித்துச் சொல்லவே மரபணு உதவியது.

அதே பார்பராவும் அவருடைய கணவர் ரேமண்ட் ஸ்ரொட்லரும் 2000இல் உருவமைப்பை வைத்து ஒரு வகைப்பாட்டை வெளியிட்டிருந்தார்கள். ஒன்பது ஆண்டுகளில், எடின்பரோ தாவரவியல் தோட்டத்தின் டேவிட் லோங்குடன் சேர்ந்து, மரபணுச் சாட்சிகளை ஏற்று அதைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். 2016இல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று உலகின் ஈரல்பாசிகளையும் கொம்புப்பாசிகளையும் முதன்முறையாக ஒரே பட்டியலில் கொண்டுவந்தது: 7,486 இனங்கள், 398 பேரினங்கள், 92 குடும்பங்கள். லின்னேயஸின் யுங்கர்மானியா இப்போது ஒரு சிறு பேரினம். அதில் கடைசிவரை இருந்தவற்றிலும் பல, நம் பட்டியல்களில் உள்ளவை உட்பட, சொலெனோஸ்ரோமா என்ற பேரினத்துக்கு, வேறு குடும்பத்துக்கே, போய்விட்டன. நம் தாழ்நிலக் காடுகளின் மரப்பட்டைகளில் வளரும் மாஸ்ரிகோலெஜூனியா 2017இல் தைசனாந்தஸ் பேரினத்துக்குள் அடங்கியது. பழைய பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இவை அந்நியப் பெயர்கள்.

மரபணு பெயர்களைக் குறைத்தது மட்டுமல்ல, கூட்டவும் செய்தது. ஐரோப்பா முதல் ஆசியா, அமெரிக்கா வரை பரவிய ஒரே இனம் என்று நம்பப்பட்ட புருலானியா தமாரிசி, குறைந்தது எட்டு இனங்களின் கூட்டமாக இருக்கலாம் என்று ஜேர்மனியின் யோகன் ஹைன்றிக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் காட்டினார்கள். ஹைன்றிக்ஸ் 2018இல் காலமானார். இந்தத் துறை அவருக்குப் பட்ட கடன் பெரிது. இதே ஆய்வாளர்கள் கிளைமரங்களுக்குக் காலக்கணக்கும் போட்டார்கள். ஒரே பேரினம் ஆபிரிக்காவிலும் இலங்கையிலும் தென்னமெரிக்காவிலும் இருந்தால், கொண்டுவானா நிலம் உடைந்தபோது பிரிந்த உறவு என்று சொல்வது முன்பு வழக்கம். மரபணுக் கணக்கில் அந்தப் பிரிவுகளில் பல, கண்டங்கள் விலகி வெகுகாலம் கழித்தே நடந்திருக்கின்றன. வித்திகள் காற்றில் கடல் தாண்டியிருக்கின்றன என்பதே பொருந்தும் விளக்கம்.

இலங்கைக்கு இது நேரடியான கேள்வி. நம் மலைகளும் மேற்குத்தொடர்ச்சி மலையும் பல பாசிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த இயேசுசபைத் துறவி ஜோர்ஜ் பொரோ பழனி மலையின் பாசிகளைப் பல்லாண்டுகள் திரட்டியவர். நாகர்கோவில் ஸ்கொட் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் நம் காலத்தில் மேற்குத்தொடர்ச்சியின் தென்கோடி மலைகளைத் தேடியிருக்கிறார்கள். அங்கேயும் இங்கேயும் ஒரே பெயரில் எழுதப்படும் செடி ஒரே செடிதானா? காய்ந்த மாதிரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது.

பதில் தேடும் கைகள் இங்கே உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுமுது ருபசிங்க எடின்பரோவில் இருந்தபோது, கிளீவியா குடும்பத்தின் பேரினங்களை மரபணுச் சாட்சியோடு மறுபடி வரையறுத்து, உடன் ஆய்வாளர்களோடு 2011இல் வெளியிட்டார். அவை தட்டையான ஈரல்பாசிகள், முறை ஒன்றே. 2014இல் அவரும் டேவிட் லோங்கும் இலங்கையின் ஈரல்பாசி, கொம்புப்பாசிப் பட்டியலைப் புதிய பதிவுகளோடு திருத்தித் தந்தார்கள். அபேவிக்கிரமவின் பட்டியலுக்கு முறையான வாரிசு அது.

மிச்சமிருப்பது இலையுள்ளவை. நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் பொட்டலத்தில் கிடந்த துண்டுகளில் டி.என்.ஏ. நொறுங்கியிருக்கும், இனத்துக்குப் பெயர் சூட்ட ஆதாரமான மூலமாதிரியோ சில தண்டுகள் மட்டுமே, அதைக் கிள்ள எந்தக் காப்பகமும் எளிதில் இணங்காது. ஆகவே துவெயிற்ஸின் காலத்தில் செடி எடுத்த அதே மலைகளிலிருந்து புதிய செடி வேண்டும்; எண்ணெய் உடலங்கள் கலையுமுன் படமெடுத்து, ஒரு பாதியை உலர்தாவரமாகப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் வைத்து, மறுபாதியைச் சிலிக்கா ஜெல்லில் இடவேண்டும். இதை நியூயோர்க்கில் இருந்துகொண்டு செய்ய முடியாது. முகில்காடுகள் பல இடங்களில் மடிந்துவரும் இந்தக் காலத்தில் தள்ளிப்போடவும் முடியாது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஹோட்டன் சமவெளி போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றி ஒரு தண்டையும் எடுக்கக் கூடாது. அது சட்டம், அதை மதியுங்கள். ஆனால் உங்கள் பாடசாலை மதிலுக்கும் முற்றத்து மரத்துக்கும் அனுமதி தேவையில்லை. பத்து மடங்குக் கைவில்லை ஒன்று வாங்குங்கள். அடுத்த மழைக்குப் பிறகு மரப்பட்டையைப் பாருங்கள். இலை எந்தப் பக்கம் மூடுகிறது, அடியிலே மூன்றாவது வரிசை இருக்கிறதா, பை இருக்கிறதா என்று வரைந்து, இடமும் திகதியும் எழுதி வையுங்கள். இந்தத் துறைக்குள் வருகிறவர் எவரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

(அடுத்த இதழில்: கொம்புப்பாசிகள்)